கோட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவே: சித்தாண்டி வீதியின் கதை

மட்டக்களப்புக்கு வரும் உல்லாசப் பயணிகளின் கையிலுள்ள வழிகாட்டி நூல்களில் இரண்டு இடங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று புளியந்தீவிலுள்ள ஒல்லாந்தர் கோட்டை. மற்றது பாசிக்குடாக் கடற்கரை. காலையில் கோட்டையைப் படம் பிடித்துவிட்டு வாகனத்தில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் கடலில் கால் நனைக்கலாம். இடையில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீற்றர். அந்தத் தூரத்தைப் பற்றி எந்த நூலும் பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

அந்தத் தூரத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். சத்துருக்கொண்டான், தன்னாமுனை, ஏறாவூர், செங்கலடி, கொம்மாதுறை, வந்தாறுமூலை, மாவடிவேம்பு, சித்தாண்டி, முறக்கொட்டான்சேனை, சந்திவெளி, கிரான், கும்புறுமூலை என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் ஊர்கள். அதன் பிறகு வாழைச்சேனையும் ஓட்டமாவடியும். திருகோணமலை நோக்கிப் போகும் ஏ-15 வீதி இவற்றைக் கோத்துக்கொண்டு போகிறது. இவற்றில் ஏறாவூரும் ஓட்டமாவடியும் முஸ்லிம் ஊர்கள் என்று பெயர் பெற்றவை. இரண்டுக்கும் நடுவிலுள்ளவை பெரும்பாலும் தமிழ்க் கிராமங்கள். ஏறாவூரான் ஓட்டமாவடிக்குப் பெண் பார்க்கப் போவதென்றாலும் சித்தாண்டியைக் கடந்துதான் போகவேண்டும். சித்தாண்டியான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் ஏறாவூரைக் கடந்துதான் போகவேண்டும். இந்த நிலஅமைப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் இப்பகுதியின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் எண்ணம்.

இக்கட்டுரைக்கு நான் பயன்படுத்தும் ஆதாரங்களில் ஒன்று அச்சில் வராதது. எங்கட வாப்பாவின் கடன் கொப்பி. வாப்பா ஏறாவூரிலிருந்து சைக்கிளில் பொட்டணி கட்டிக்கொண்டு சீலை யாவாரம் செய்தவர். செங்கலடியில் தொடங்கி சந்திவெளி வரை அவருடைய எல்லை. கொப்பியில் ஊர்கள் வீதியிலுள்ள வரிசைப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. சித்தாண்டிக்கு மட்டும் பதினொரு பக்கம். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பயணி எதை எழுதவேண்டும்?

நமக்குப் பயண இலக்கியம் புதிதல்ல. இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்தார். புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலைக்கு ஏறி, தெவிநுவர வழியாகக் காலிக்குப் போய், கொழும்பு வழியாகத் திரும்பினார். கிழக்குக் கரைக்கு அவர் வரவில்லை. ஆனால் அவர் எழுதிய முறை கவனிக்கத்தக்கது. காலியைப் பற்றி அவர் எழுதியது மிகச் சிறிய குறிப்பு. அது ஒரு சிறு பட்டினம் என்கிறார், அங்கே தம்மை விருந்துக்கு அழைத்த நாகுதா இப்றாஹீமின் பெயரைச் சொல்கிறார், அவ்வளவுதான். போர்த்துக்கேயர் அங்கே கோட்டை கட்டுவதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த ஊரில் ஒரு முஸ்லிம் மாலுமி வீடு வைத்திருந்தார் என்பதை நாம் அறிவது அந்த ஒரு சோற்றின் தயவில்தான்.

காலிக் கோட்டை 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. இன்றும் அதன் மதிலுக்குள் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன, பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது. மட்டக்களப்புக் கோட்டையின் கதை வேறு. அதற்குள் குடிமனை கிடையாது. நீண்டகாலம் கச்சேரிதான் அதற்குள் இயங்கியது. காணி உறுதிக்கும் பென்சனுக்கும் அலைந்த கால்கள்தான் அந்த வாசலை அதிகம் மிதித்தவை. ஆகவே மட்டக்களப்பில் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் ஊரைப் பார்த்தவராக மாட்டார். ஊர் வெளியே, வாவியின் இரு கரைகளிலும் வீதி வழியாகவும் நீண்டு கிடக்கிறது.

கோட்டையும் 1626உம்

ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதலில் கால்வைத்தது இந்தக் கரையில்தான். 1602 மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கனின் கப்பல் மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரமிட்டது. அவர் இங்கிருந்து தரைவழியாகக் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். அடுத்த ஆண்டு வந்த செபால்ட் டி வீர்ட் மன்னனோடு முரண்பட்டு இதே பகுதியில் கொல்லப்பட்டார். அக்காலத்தில் மட்டக்களப்பு என்ற பெயர் சம்மாந்துறைப் பக்கத்து ஆட்சி மையத்தையே குறித்ததென்றும், கோட்டை வந்த பிறகுதான் அப்பெயர் வடக்கே புளியந்தீவுக்கு இடம் மாறியதென்றும் பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அப்படிப் பார்த்தால் நாம் இன்று மட்டக்களப்பு என்று சொல்லும் நகரமே அந்நியர் வைத்துவிட்டுப் போன ஓர் இடம்தான்.

கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் காலத்தில், 1628 அளவில் அது எழுந்தது. கண்டி இராச்சியத்தின் கடல்வாசல்களை ஒவ்வொன்றாக அடைப்பதே நோக்கம். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன், 1626இல், இதே தளபதிதான் போர்த்துக்கேயர் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார். துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டு, அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது நமது வரலாற்று நூல்களில் எல்லாம் இடம்பெறும் செய்தி. குடியேற்றமும் கோட்டையும் இரண்டு வருட இடைவெளியில் நிகழ்ந்தவை என்பதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. மன்னன் தன் கிழக்குக் கரையில் நம்பிக்கையான வணிகரையும் விவசாயிகளையும் இருத்தினான். எதிரி அதே கரையில் பீரங்கியை இருத்தினான்.

அந்தப் பீரங்கி பத்து வருடம்தான் நின்றது. 1638 மே 18இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற்கோட்டை இதுதான். ஐந்து நாட்கள் கழித்து, மே 23இல், மன்னனும் கம்பனியும் உடன்படிக்கை செய்தார்கள். பிடிக்கும் கோட்டைகளில் காவற்படை வைப்பது மன்னன் விரும்பினால் மட்டுமே என்ற வாசகம் மன்னனின் பிரதியில் இருந்தது, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. 1643இல் மட்டக்களப்பை மன்னனிடம் விட்டுக்கொடுத்தவர்கள் 1660களில் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். 1795இல் பிரித்தானியர் எடுத்துக்கொண்டார்கள். எழுத்தில் இருப்பதும் இல்லாததும் எத்தனை தலைமுறையைப் பாதிக்கும் என்பதற்கு அந்த ஒரு வாசகம் போதும்.

1626 பற்றி ஒரு விடயத்தைச் சொல்லியாகவேண்டும். நம்மவர்கள் அந்த ஆண்டை நன்றியோடு மேற்கோள் காட்டுகிறார்கள். வேறு சிலர் அதே ஆண்டை எடுத்து, ‘நீங்கள் பிறகு வந்தவர்கள்தானே’ என்கிறார்கள். இரு தரப்பும் ஓர் ஆண்டைத் தொடக்கப் புள்ளியாக்கிவிட்டுச் சண்டை பிடிக்கின்றன. ஆனால் இந்த வீதியின் ஊர்ப்பெயர்களிடம் கேட்டால் அவை வேறொரு கதை சொல்கின்றன.

ஊர்ப்பெயர்கள் சொல்லும் கதை

எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) ஆகிய நூல்களைப் புரட்டியவர்களுக்கு முக்குவர் – திமிலர் போர் தெரிந்திருக்கும். வாவிக்கரையின் ஆதிக்கத்துக்காக இரு சமூகத்தாரும் மோதினார்கள். முக்குவருக்குத் துணையாகப் பட்டாணிகள் என்று சொல்லப்படும் முஸ்லிம் வணிகர்கள் வந்தார்கள். திமிலர் தோற்று வடக்கே ஓடினார்கள். சத்துருவை வெட்டிய இடம் சத்துருக்கொண்டான். துரத்தியவர்கள் வந்து ஆறியிருந்த மூலை வந்தாறுமூலை. திமிலர் இனி ஏறி வராதபடி காவலாகப் பட்டாணிகளைக் குடியிருத்திய ஊர் ஏறாவூர். உதவிக்குக் கைம்மாறாக முக்குவப் பெண்களை மணமுடித்துக் கொடுத்தார்கள் என்றும் கதை தொடர்கிறது.

இதை நடந்த சம்பவமாக யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஊர்ப்பெயருக்குப் பிறகு காரணம் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். சித்தாண்டியின் பெயரையும் ஓர் ஆண்டியோடு, சித்தரோடு இணைத்துச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சமூகம் தன் அயலவனைப் பற்றி எப்படிக் கதை சொல்கிறது என்பதே ஒரு வரலாற்றுத் தகவல்தான். இந்தக் கதையில் முஸ்லிம் அகதியாக வரவில்லை, விருந்தாளியாகவும் வரவில்லை. மச்சானாக வருகிறான்.

அந்த மச்சான் உறவுக்குக் கதைக்கு வெளியேயும் சான்றிருக்கிறது. கிழக்கு முஸ்லிம்களிடமும் மட்டக்களப்புத் தமிழர்களிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். வீடு வாசல் மகளுக்குச் சீதனமாகப் போகும். கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர் இருப்பது போலப் பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்தார். மேற்குக் கரை முஸ்லிம்களிடம் இந்த அமைப்பு இப்படி இல்லை. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் பல ஆண்டு களப்பணி செய்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு தளபதியின் கட்டளையால் வந்திறங்கிய அகதிக் கூட்டம் மட்டும் இத்தனை ஆழமான குடும்ப முறையை அயலவரோடு பகிர்ந்துகொண்டிருக்க முடியாது. 1626இல் வந்தவர்கள் ஏற்கெனவே உறவு பூண்டிருந்த ஒரு மண்ணில்தான் வந்து சேர்ந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

தவளமும் வட்டையும்

செங்கலடிச் சந்தியில் ஏ-15இல் வந்து முட்டும் வீதி ஏ-5. பேராதனையிலிருந்து பதுளை, மகாஓயா வழியாக வருகிறது. தார் போடுவதற்கு முன்பே இந்தத் திசையில் தவளம் போனது. மாட்டு முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி ஊவா மலைக்குக் கொண்டுபோய், பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு திரும்பும் வணிகக் கூட்டம். கிழக்கு முஸ்லிம்களுக்கு அது பரம்பரைத் தொழில். கரையோரத்தில் ஒல்லாந்தர் சோனகரிடம் ஊழியம் வாங்கிக்கொண்டும் குடியிருப்புக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு விதித்துக்கொண்டும் இருந்த காலத்தில், கோட்டையின் கண்ணுக்கு எட்டாத இந்த உள்வழிகள்தான் பிழைப்புக்கு வழியாயின.

வயலில் உறவு இன்னும் நெருக்கம். சித்தாண்டிக்கு மேற்கே சந்தனமடு ஆற்றைத் தோணியில் கடந்தால் வட்டைகள் விரியும். அங்கே தமிழ்ப் போடியாரும் இருந்தார், முஸ்லிம் போடியாரும் இருந்தார். வாய்க்கால் ஒன்று, வட்டைவிதானை ஒருவர், மாட்டுப்பட்டிக்குக் காவல் ஒன்று. தண்ணீர் யாருக்கு முதலில் என்ற சண்டை வந்தால் அது மேல்வயற்காரனுக்கும் கீழ்வயற்காரனுக்கும் இடையிலான சண்டையாகத்தான் இருந்தது. வாப்பாவின் கொப்பியில் கடன் திரும்பும் தவணைக்குத் திகதி கிடையாது. ‘பெ.போ.’ அல்லது ‘சி.போ.’ என்று மட்டும் இருக்கும். பெரும்போகச் சூடடிப்பு, சிறுபோகச் சூடடிப்பு. நெல் களத்துக்கு வந்தால் காசு வரும். வராவிட்டால் அடுத்த போகம்.

சித்தாண்டி சித்திர வேலாயுத சுவாமி கோயில் மட்டக்களப்பின் திருப்படைக் கோயில்களில் ஒன்று. ஆவணித் திருவிழாவுக்கு முந்திய மாதத்தில் கொப்பியில் பக்கங்கள் நிறைந்திருக்கும். பட்டு வேட்டி, பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி, ‘மஞ்சள் கரை’ என்று குறித்த சீலைகள். முருகன் கோயில் திருவிழாவுக்கு உடுத்த உடுப்பில் பாதி ஏறாவூர்க் கடனில் வாங்கியது என்று வாப்பா சிரித்துக்கொண்டு சொல்வார். எங்கட பெருநாள் உடுப்பு சித்தாண்டியார் கட்டிய கடனில் வந்தது என்பதையும் அவரே சொல்வார்.

ரயிலும் கடற்கரையும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்த வீதி மாறத் தொடங்கியது. 1924இல் கல்லடியில் மானிங் சீமாட்டியின் பெயரால் இரும்புப் பாலம் திறந்தார்கள். 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. வாழைச்சேனை, கல்குடா, தேவபுரம், வந்தாறுமூலை, ஏறாவூர் என்று ஸ்டேசன்கள். ஓட்டமாவடியில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போயின. ரயில் வரும்போது பஸ் கரையில் நின்று காத்திருக்கும். 1950களில் வாழைச்சேனையில் காகித ஆலை வந்தது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

கடற்கரை கடைசியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது, வெளியாரால். ஊராருக்கு அது எப்போதும் இருந்தது. குடா என்றால் கடல் உள்வளைந்த இடம். கல் உள்ளது கல்குடா, பாசி உள்ளது பாசிக்குடா. வெளியே முருகைக்கல் அரண் இருப்பதால் பாசிக்குடாவில் அலை அடங்கிவிடும். நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கலாம். தோணி இழுக்க நல்ல இடம், கரைவலைக்கும் நல்ல இடம். 1970களில் அங்கே உல்லாச ஹோட்டல்கள் எழுந்தன. வெள்ளைக்காரர் ரயிலில் வந்து கல்குடாவில் இறங்கினார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை விழுந்தது, கூரை போனது, மறுபடி கட்டினார்கள். சூறாவளிக்குப் பிறகு வாப்பா ஆறு மாதம் கடன் கேட்டுப் போகவில்லை. கொப்பியில் அந்த இடத்தில் வெறும் கோடு.

வீதி அடைபட்ட காலம்

1985 ஏப்ரலில் கிழக்கில் தமிழ் – முஸ்லிம் கலவரம் வெடித்தபோது முதலில் நின்றது வீதிதான். பிறகு கொஞ்சம் திறந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் முற்றாக அடைபட்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஆகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும் ஏறாவூரில். அங்கும் நூற்றுக்கும் மேல், பெண்களும் கைக்குழந்தைகளும். இவற்றை நாம் அறிவோம். ஒவ்வொரு வருடமும் ஷுஹதாக்கள் தினத்தில் நினைவுகூருகிறோம், பெயர்களைப் பலகையில் பொறித்திருக்கிறோம், இந்தச் சஞ்சிகை போன்ற ஏடுகளில் எழுதியிருக்கிறோம்.

ஏறாவூரிலிருந்து சில கிலோமீற்றர் வடக்கே வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் அகதிகள் தஞ்சமடைந்திருந்தார்கள், சித்தாண்டியையும் அயல் கிராமங்களையும் சேர்ந்தவர்கள் உட்பட. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கே வந்து 158 பேரைக் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாட்கள் கழித்து, செப்டெம்பர் 9இல், சத்துருக்கொண்டான் முகாமில் அயல் கிராமத்தவர்கள் 184 பேர், பெண்களும் பிள்ளைகளுமாக, கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஆணைக்குழுவின் விசாரணையில் பதிவான விடயங்கள் இவை. அந்த மாதங்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் பழிவாங்கலில் தமிழர்கள் இறந்ததையும் மனித உரிமை அமைப்புகள் எழுதிவைத்திருக்கின்றன.

ஏறாவூருக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் 24 நாட்கள். ஒரே வீதி. கதையில் வந்து ஆறிய மூலையில் வந்து ஆறியிருந்தவர்களைத்தான் கொண்டுபோனார்கள். நமது பதிவுகளில் ஆகஸ்ட் 12 இருக்கிறது, செப்டெம்பர் 5 இல்லை. சித்தாண்டியாரின் நினைவுதினங்களில் செப்டெம்பர் 5 இருக்கிறது, ஆகஸ்ட் 12 இல்லை. இரு தரப்பும் தன்தன் மையித்தைத் தானே எண்ணியது. எண்ணவேண்டியதுதான், யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஆய்வு என்று எழுத உட்காரும்போது ஒரு பக்கத்து மையித்தை மட்டும் எண்ணினால் அது கணக்குத் தீர்க்கும் வேலையாகிவிடும். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன்.

வாப்பாவின் கொப்பியில் கடைசிப் பதிவு 1990 ஜூன் முதல் வாரம். சித்தாண்டி, இரண்டு சீலை, ‘சி.போ.’ அந்தச் சிறுபோகத்தில் யாரும் சூடடிக்கவில்லை. வாப்பா 1998இல் மௌத்தாகும்வரை செங்கலடிக்கு வடக்கே போகவேயில்லை. ஓட்டமாவடியிலிருந்த மாமியின் ஜனாஸாவுக்கும் போகவில்லை. மனசு விட்டுப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

திறந்த வீதியில்

2004 டிசெம்பர் 26இல் சுனாமி வந்தபோது கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் ஏற்கெனவே போரில் பாழடைந்து நின்ற கட்டடங்களைக் கடல் முடித்துவைத்தது. அன்று இரவு யார் யாருக்குச் சோறு சமைத்தார்கள் என்பது இரு பக்கத்திலும் பலருக்கு ஞாபகமிருக்கும்; ஒருவரும் எழுதிவைக்கவில்லை. 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்தது. வீதி அகலமானது, ஓட்டமாவடியில் வாகனத்துக்குத் தனிப் பாலம் வந்தது. 2011 முதல் பாசிக்குடாவில் ஹோட்டல்கள் வரிசையாகத் திறந்தன. மீனவர் தோணி விடும் இடம் சுருங்கியது. குளிரூட்டிய வாகனங்கள் சித்தாண்டிச் சந்தியில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

திறந்த வீதி மனதில் மறுபடி அடைபட்டதும் உண்டு. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு வகுப்பு முடித்து வெளியே நின்ற சிறுவர்கள் உட்பட முப்பது பேரளவில் இறந்தார்கள். அதைச் செய்தவர்கள் நமது ஊர்களில் வளர்ந்தவர்கள். இதைச் சொல்லக் கூசினால் மற்றதையெல்லாம் சொல்லும் தகுதி நமக்கில்லை. அதன் பிறகு பல மாதம் ஏறாவூர்க் கடையில் சித்தாண்டிச் சனம் சாமான் வாங்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு பயணம். கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் பலவந்தமாக எரித்த கொள்கை கைவிடப்பட்டு, 2021 மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம் நடந்தது. காலி, கொழும்பு, கண்டி என்று நாட்டின் எல்லாத் திக்கிலிருந்தும் ஜனாஸாக்கள் வந்தன. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகிறார்கள். அவர்களில் முஸ்லிம் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். கடற்கரை பார்க்க வருபவர்களின் வழிகாட்டி நூலில் அந்த மண்ணும் இல்லை.

பதினொரு பக்கம்

2009இல் நான் கொப்பியை எடுத்துக்கொண்டு சித்தாண்டிக்குப் போனேன். கடன் அறவிட அல்ல. பழைய சீலை யாவாரம் பற்றிய ஒரு கட்டுரைக்கு விலைகளைச் சரிபார்க்கவேண்டியிருந்தது. கோயில் வீதியில் ஒரு கடையில் விசாரித்தபோது, பின்னால் திண்ணையிலிருந்த ஒரு வயோதிபத் தாய், “ஏறாவூர்ச் சீலைக் காக்காட மகனா நீங்க?” என்று கேட்டார்.

“ஓம் அம்மா.”

“காக்கா இரிக்காரா?”

“வாப்பா மௌத்தாகிப் பதினொரு வருசம்.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் புருசனின் பெயரைச் சொல்லி, “அவர்ட பேர் அதில கிடக்கா மனே?” என்று கேட்டார். கடனைப் பற்றி வெட்கப்படுகிறார் என்று நினைத்து, அதெல்லாம் எப்போதோ போய்விட்டது, கணக்கில் எடுக்கவேண்டாம் என்றேன். “கடன இல்ல மனே. பேரக் கேக்கன்” என்றார். தொண்ணூறாம் ஆண்டு கூட்டிக்கொண்டு போனவர்களில் புருசனும் ஒருவர். வீடு எரிந்தபோது அடையாள அட்டை, கலியாண எழுத்து, படம் எல்லாம் போய்விட்டன. அவர் பெயர் எழுதிய ஒரு துண்டுக் கடுதாசிகூட அவரிடம் இல்லை.

கொப்பியில் ஏழாவது பக்கத்தில் பெயர் இருந்தது. வாப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், ஊரோடும் தகப்பன் பெயரோடும். எதிரே ‘மஞ்சள் கரை 1, பெ.போ.’ தாய்க்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. விரலை வைத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதன் மேல் தன் விரலை வைத்துக்கொண்டார். செங்கலடிக்குப் போய் அந்தப் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து வந்து கொடுத்தேன்.

இந்த வீதியின் இரு பக்கத்திலும் இப்படியான கொப்பிகள் இன்னும் இருக்கவேண்டும். பொட்டணிக் கணக்கு, நெல் ஆலைக் கணக்கு, வட்டைவிதானையின் தண்ணீர்முறைக் குறிப்பு, பரிசாரியாரின் மருந்துச் சிட்டை. ஏறாவூர் வீட்டு அலுமாரியில் சித்தாண்டியின் வரலாறு கிடக்கிறது. சித்தாண்டி வீட்டுப் பெட்டியில் நம்முடையது கிடக்கலாம். கறையான் அரிப்பதற்கு முன் அவற்றை எடுத்து, ஊர்வாரியாகப் பிரதி செய்து, இரு பக்கத்தாரும் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் வைக்கவேண்டும். எங்கட வாப்பாவின் கொப்பியை முதலில் தருகிறேன். சித்தாண்டிப் பக்கங்கள் பதினொன்றும் அதில் இருக்கின்றன. கடன்கள் எல்லாவற்றுக்கும் எதிரே நான் கோடு போட்டுவிட்டேன். பெயர்களை அப்படியே விட்டிருக்கிறேன்.